சிவப்பு வந்தால் தோட்டம்

வீடு பார்க்கப் போனால் தங்கவேல் முதலில் அறைகளை எண்ணுவார். ஹம்சா நேரே பின்கதவைத் தேடிப் போவாள். கால் நூற்றாண்டுக்கு மேல் வாடகை வீடுகளில் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்தியவர்கள், சொந்த வீடு வாங்கலாம் என்று கிளம்பிய பிறகுதான் தங்களுக்குள் இப்படி ஒரு வித்தியாசம் இருப்பதையே கண்டுபிடித்தார்கள்.

அடையாறில் ஒரு பழைய குடியிருப்பில் இரண்டு வீடுகள் விலைக்கு வந்திருந்தன. ஒன்று மூன்றாவது மாடியில். மூன்று படுக்கையறை, விசாலமான ஹால், லிஃப்ட் வசதி. இன்னொன்று கீழ்த்தளத்தில். அறைகள் இரண்டுதான், அவையும் சின்னவை. கட்டிலைப் போட்டால் நாற்காலிக்கு இடமில்லை. ஆனால் ஹாலின் பின்கதவைத் திறந்தால் மதில் வரைக்கும் மண். அந்த வீட்டுக்கு மட்டுமே உரிய மண். ஒரு கொய்யா மரமும் முட்டளவு புல்லும் இருந்தன, மற்றதெல்லாம் இனி வைக்க வேண்டியதுதான். பெருவெள்ளம் வந்த வருடத்தில் தண்ணீர் படியேறி உள்ளே வந்ததால், கீழ்த்தளம் என்றாலே வாங்க வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். அதனால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை.

"மேல போனா ஒரு ரூம் அதிகம், கீழ வந்தா தோட்டம் அதிகம். நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க மேடம்," என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார் வீட்டுத் தரகர் ஹபீபுர் ரஹ்மான். புத்திசாலி. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் போய் நிற்க அவருக்கென்ன தலையெழுத்து?

ஹம்சா தி.நகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மயிலாப்பூர் வாடகை வீட்டின் மொட்டை மாடியில் தொட்டி தொட்டியாகச் செடி வளர்த்தாள். கூரை ஒழுகுகிறது என்று வீட்டுக்காரர், அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அத்தனை தொட்டியையும் இறக்கித் தெருவில் வைத்துவிட்டார். அன்று மாலை அவள் யாரோடும் சண்டை போடவில்லை. ரசத்தில் உப்புப் போட மறந்ததோடு சரி. ஆனால் யாரும் தூக்கி வெளியே வைக்க முடியாத இடத்தில் ஒரு செடியாவது நட வேண்டும் என்கிற ஆசை அன்றைக்கு மனசில் ஏறி உட்கார்ந்ததுதான், இறங்கவேயில்லை. அந்தக் கீழ்வீட்டுப் பின்கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் இறங்கி நின்றாள். தரகர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வந்தாள்.

தங்கவேலுக்கு வேண்டியது அந்த மூன்றாவது அறை. அது அவருடைய அக்கா தேவானைக்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, ஆற்றோரக் குடிசையில் தம்பியை வைத்துக்கொண்டு, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அவரைப் படிக்க வைத்தவள். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் பார்த்துக்கொள்ளவில்லை. ஆற்றோரத்தைக் காலி செய்து அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பியபோது அவளும் போனாள். ஏழாவது மாடியில் தனியாக இருந்தாள். கூட வந்துவிடு என்று தம்பி எத்தனை முறை கூப்பிட்டாலும், "வாடக வூட்டுல உங்களுக்கே எடம் பத்தல நைனா" என்று தட்டிக் கழிப்பாள். சொந்த வீட்டில் அக்காவுக்கென்று ஒரு அறை, அதற்கு ஒரு கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள். தரமணிக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் மனசில் இருந்தது இதுதான். வீடு பார்க்கப் போன அன்றும் அவளைக் கூடவே அழைத்துப்போய் இரண்டு வீட்டையும் காட்டினார்.

கீழ்வீட்டில் அதற்கு வழியில்லை. இரண்டு அறைகளில் ஒன்று மகன் அறிவுக்குப் போய்விடும். ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் வேலை, பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு தூக்கம் என்று இருக்கிற பிள்ளை.

"உனக்குப் பிடிச்சதையே வாங்கலாம் ஹம்சா," என்றார் தங்கவேல். சொல்லிவிட்டு, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். இப்படிச் சம்மதம் கொடுத்தால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் விளங்காது?

ஹம்சாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அக்கா, அக்கா, அக்கா! கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று கேட்டது ஒரு பிடி மண், அதற்கும் குறுக்கே ஓர் அக்காவா? அடுத்த நிமிஷமே அந்த நினைப்புக்காகக் கூசிப்போனாள். தேவானை அவளை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. பிரசவத்துக்கு வந்து ராப்பகலாகக் கண் விழித்துப் பார்த்தவள். அவளுக்கு ஓர் அறை இல்லாமல் செய்துவிட்டு நட்ட செடி எப்படித் தழைக்கும்?

"பேசாம அம்மன்கிட்ட பூ கட்டிப் பாத்துடலாம்," என்றார் தங்கவேல் கடைசியில். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து எடுத்து, ஏதாவது ஒரு குழந்தையை விட்டு ஒன்றைப் பொறுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் மாடி வீடு. சிவப்பு வந்தால் தோட்டம். எது வந்தாலும் மறுபேச்சுப் பேசக்கூடாது.

வெள்ளிக்கிழமை காலை மூவருமாக முண்டகக்கண்ணி அம்மன் கோவிலுக்குப் போனார்கள். தேவானையும் அதற்காகவே இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். ஹம்சா ஓரமாக உட்கார்ந்து பொட்டலம் கட்டினாள். நந்தியாவட்டையை எடுத்து முதல் காகிதத்தில் வைத்து மடித்தாள். செவ்வரளியை எடுத்தவளுக்குக் கை ஓடவில்லை. தற்செயலாகச் சிவப்பே வந்துவிட்டால்? அவர் வாயைத் திறக்கமாட்டார், ஆனால் ஆயுசுக்கும் அந்த இல்லாத அறையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அரளியைக் கூடைக்குள் தள்ளிவிட்டு, இரண்டாவது காகிதத்திலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினாள். 'தாயே, உனக்கு வேலை வைக்கக் கூடாதுன்னுதான்' என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். கண் கலங்கியது. தட்டைத் தேவானையிடம் கொடுத்து, பக்கத்தில் கூடையையும் வைத்துவிட்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள்.

அர்ச்சகர் பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துத் தீபாராதனை காட்டித் திருப்பிக் கொடுத்தார். பட்டுப்பாவாடை கட்டிய யாருடைய குழந்தையோ ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஓடியது. தங்கவேல் பிரித்தார்.

உள்ளே செவ்வரளி.

ஹம்சா சட்டென்று கூடைக்குள் பார்த்தாள். அரளியைக் காணோம். அது கிடந்த இடத்தில் நந்தியாவட்டை கசங்கிக் கிடந்தது.

"தோட்டந்தான்னு அம்மனே சொல்லிட்டா," என்றார் தங்கவேல். சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் எட்டவில்லை.

இந்த மனுஷனா மாற்றி வைத்தார்? தனக்காகவா, அதுவும் அக்காவையே விட்டுக்கொடுத்து? கூட்டத்தை விட்டு வெளியே வந்ததும் ஹம்சா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"நான் என்ன பண்ணேன்?"

"நான் ரெண்டுலயும் வெள்ளையைத்தான் வெச்சேன். நீங்கதானே மாத்துனீங்க?"

தங்கவேல் திகைத்துப்போய் அவளையே பார்த்தார். "ரெண்டுலயும் வெள்ளையா? ஏன் ஹம்சா? உனக்கு அந்தத் தோட்டம்னா உயிராச்சே. நான் அந்தத் தட்டைத் தொடக்கூட இல்ல."

அப்புறம் இருவரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். தேவானை கோவில் வாசலில் நின்று, தொன்னையிலிருந்து சர்க்கரைப் பொங்கலை நிதானமாக வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா அப்டி பாக்குறீங்க? நாந்தான்," என்றாள். "நீ கொயாயாண்ட போனப்ப பிரிச்சிப் பாத்து, ரெண்டுலயும் செவப்ப வெச்சிட்டேன் அம்சா. மறைச்சி மறைச்சி கட்டுனியே, அப்பவே எனுக்கு டவுட்டு. புள்ளைங்க காப்பி அடிச்சா டக்குனு புடிக்கிற டீச்சரம்மா, உனக்கு ஒயுங்கா ஒரு திருட்டுத்தனம் பண்ணத் தெரில."

"அக்கா, கீழ்வீட்ல உங்களுக்கு ரூம் இல்லையே!"

"ரூமு எனுக்கு இன்னாத்துக்கு?" தேவானை தொன்னையை மடக்கினாள். "அந்த ஏயாவது மாடில தனியாத்தான கீறேன். கதவ சாத்துனா செவுருதான். பேச ஒரு ஆளு கெடியாது. லிஃப்ட்டு ஒரு தபா நடுவுல நின்னுபோய், இருட்டுல கத்திக்கினே இருந்தேன். அதுலேந்து அதுல ஏறவே பயம். அன்னிக்கு வூடு பாக்க லிஃப்ட்ல போனமே, உன் கைய புடிச்சிக்கினேனே, பாசம்னா நெனச்ச? மறுபடி என்ன மேல ஏத்தி ஒரு ரூமுல வெச்சிட்டா, நான் எப்ப கீய எறங்கறது? அந்தக் கீய் வூட்டு ஹாலு போதும் எனுக்கு. பாய் போட்டுக்குவேன். கதவத் தொறந்தா மண்ணு. நீ செடிக்கு தண்ணி ஊத்துவ, நான் படில குந்திக்கினு உங்கூட பேசிக்கினு இருப்பேன்."

தங்கவேலின் கண்கள் நிறைந்துவிட்டன. "லிஃப்ட்ல மாட்டுனத ஏங்கா எங்கிட்ட சொல்லல? ரூம் வேணாம்னாவது சொல்லிருக்கலாம் இல்ல?"

"நீ கேட்டியா? ரூமு, ரூமுன்னு நீயே சொல்லிக்கினு இருந்த. ஆசையா சொல்ற புள்ளைய இன்னா சொல்றது? அதுவும் ஒண்ட வர்றவ, இது வோணும் அது வேணாம்னு வாயத் தொறக்கலாமா?"

ஹம்சாவுக்கு உறைத்தது. இத்தனை நாளாகத் தேவானைக்கு அறை வேண்டும் என்று அவரும், அவளுக்காகத் தோட்டத்தை விட்டுக்கொடுத்துத் தானும் தவித்தார்களே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்க இருவருக்குமே தோன்றவில்லையே!

"ஒண்ட வர்றவளா? அப்படிச் சொல்லாதீங்கக்கா," என்றாள். "எனக்குன்னா இப்போ பயமா இருக்கு. நான் பண்ணது போதாதுன்னு நீங்க வேற. ரெண்டு பேருமா சேந்து அம்மனையே ஏமாத்திட்டோம்."

"அம்மன் ஒண்ணும் கோச்சிக்காது. அதுக்கு என்னிய நல்லாத் தெரியும்." தேவானை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "உன்னிய பொண்ணு பாத்துட்டு வந்தப்பகூட இங்கதான் பூ கட்டிப் பாத்தேன். வெள்ள வந்தா நீ, செவப்பு வந்தா வேற எடம்னு நெனச்சிக்கினேன். செவப்பு வந்துச்சி. இன்னாடா இதுன்னு இன்னோரு தபா கட்டுனேன், ரெண்டுலயும் வெள்ளைய வெச்சி. எனுக்கு உன்னிய புடிச்சிருந்துச்சிம்மா."

ஹம்சா தெரு என்றும் பார்க்கவில்லை, பள்ளிப் பிள்ளைகள் யாராவது பார்ப்பார்கள் என்றும் நினைக்கவில்லை. தேவானையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"அட, இன்னாம்மா இது, நல்ல நாளும் அதுவுமா," என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்த தேவானை, அசையாமல் நின்றிருந்த தம்பியைப் பார்த்தாள். "நீ ஏன்டா மரம் மாதிரி நின்னுக்கினு கீற? அந்த புரோக்கர் பாய்க்கு ஒரு போனப் போட்டு கீய் வூடுன்னு சொல்லு."