தெளிந்த புத்தியும் மீன் ஆணமும்

தேய்ந்த இடுப்பு மூட்டினை ஆபரேஷனில் எடுத்துவிட்டுப் புதிது வைப்பதில் சுப்ஹானுக்குப் பெரிய பயம் எதுவும் இல்லை. மலேசியாவின் மூவார் ஊரில் ஒரு மரத் தளவாடத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் அவர். கால் ஆடுகிற நாற்காலிக்கு என்ன செய்வோமோ அதைத்தான் தமக்கும் செய்யப்போகிறார்கள் என்று நிம்மதியாக இருந்தார். அவரைக் கதிகலங்க வைத்தது ஆஸ்பத்திரியில் இருந்த எடை பார்க்கும் இயந்திரம்.

“உயரத்துக்கு எடை ரொம்பக் குறைச்சல் அங்கிள்,” என்றாள் டாக்டர் தேன்மொழி. “வயசானவங்க இவ்வளவு ஒல்லியா இருந்தா, ஆபரேஷனுக்கு அப்புறம் புத்தி தடுமாற வாய்ப்பு கொஞ்சம் அதிகம். எல்லாருக்கும் வராது. வந்தாலும் பெரும்பாலும் சில நாள்ல சரியாயிரும். ஆனா அந்த நேரத்துல என்ன பேசுறோம்னு அவங்களுக்கே தெரியாது.”

“தெரியவே தெரியாதா?”

“தெரியாது. ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்கு. நல்லா சாப்பிட்டு எடை ஏத்துங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி மீரா பீவிக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. “எங்க வீட்ல சாப்பாட்டுக்கு என்ன டாக்டர் குறைச்சல்? தினம் மத்தியானத்துக்குக் கேரியர் நெறைய சோறும் மீன் ஆணமும் கட்டி அனுப்புறேன். வழிச்சு நக்கின மாதிரி காலியா வருது. தின்னதெல்லாம் எங்கதான் போகுதோ!”

எங்கே போகிறது என்று சுப்ஹானுக்குத் தெரியும். தொழிற்சாலையின் லோரி ஓட்டுநர் லெட்சுமணனின் வயிற்றுக்குப் போகிறது.

கல்யாணம் ஆன புதிதில் தொடங்கிய வினை அது. மீரா பீவி ஆணம் என்று சொல்லும் குழம்பில் புளி இருக்கும். புளி போதாதென்று மாங்காய் இருக்கும். மாங்காயும் போதாதென்று, இறக்கும் நேரத்தில் எலுமிச்சம்பழம் வேறு பிழிவாள். முதல் வாய் வைத்ததுமே மாப்பிள்ளைக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. “இந்த மாதிரி ஆணத்த நான் சாப்பிட்டதே இல்ல,” என்றார். சத்தியமான வார்த்தை. அவள் கண்ணீரையும் சேர்த்துப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை பிரியாணி தவிர மற்ற நாளெல்லாம் மீன் ஆணம்தான். இரவில் பேருக்கு ஒரு கரண்டி ஊற்றி, முகம் கோணாமல் விழுங்கப் பழகிக்கொண்டார். மத்தியானக் கேரியர் லெட்சுமணனுக்கு. இவர் எதிர்க் கடையில் ரொட்டியும் பால் சேர்க்காத தே ஓவும் சாப்பிட்டுக் காலத்தை ஓட்டினார். லெட்சுமணனோ லோரியின் இருக்கையை ஆண்டுக்கு ஆண்டு பின்னால் தள்ளி, இனித் தள்ள இடமில்லை என்ற நிலைக்கு வந்திருந்தான்.

மறுநாள் லோரி நிழலில் ரகசியப் பேச்சு நடந்தது.

“டேய் லெட்சுமணா, புத்தி தடுமாறி நான் இத உளறிட்டா என்னடா பண்றது? மீரா தாங்க மாட்டாடா.”

“உளறுனா உளறுங்க பாய். என் பேர மட்டும் இழுக்காதீங்க லா.”

“உன் பேரு இல்லாம எப்படிடா உளறுறது? கதையே நீதானே!”

“அலமாக்! அப்ப எடைய ஏத்துங்க. வேணும்னா இதுலேர்ந்து கொஞ்சம் வெட்டிக்குங்க,” என்று லெட்சுமணன் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினான்.

சுப்ஹான் எடை ஏற்றும் வேலையில் இறங்கினார். மூவாரில் காலையிலேயே குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி, சாத்தே, கிடைக்கும் என்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அப்போதுதான் உணர்ந்தார். காலையில் சாத்தே, மத்தியானம் மீ பண்டோங் நூடுல்ஸ், சாயங்காலம் வாழைப்பழப் பலகாரம். கன்னத்தில் சதை பிடிக்கத் தொடங்கியது. மீரா பீவிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. “பாத்தீங்களா மச்சான், எல்லாம் ஆணத்தோட பலன்!” என்று கேரியரில் இன்னொரு அடுக்கைக் கூட்டினாள். லெட்சுமணன் இரண்டு புதுக் கால்சட்டை வாங்கினான்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் மறுபடி எடை பார்த்தாள். “இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கலாம். பரவால்ல, கவனமா பாத்துக்குவோம்,” என்றவள் மீரா பீவி பக்கம் திரும்பினாள். “நீங்கதான் ஆன்ட்டி எங்களுக்குக் கண்ணு. அங்கிள் எப்பவும் போல இல்லன்னு தோணுனா உடனே எங்ககிட்ட சொல்லணும்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை கண் விழித்த சுப்ஹான் முதல் வேலையாகத் தம் புத்தியைச் சோதித்துப் பார்த்தார். இது ஆஸ்பத்திரி. இன்று புதன்கிழமை. மகள் ஷைமா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். எல்லாம் சரியாக இருந்தது. தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஒருத்தி கஞ்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இஞ்சி மணக்கும் சூடான கோழிக் கஞ்சி. முதல்நாள் பட்டினியில் அவர் வயிறு காந்திக்கொண்டிருந்தது. கையை நீட்டப் போனார்.

“கஞ்சி வேண்டாம் மிஸ்ஸி, சாப்பாடு இருக்கு,” என்று மீரா பீவி வண்டியை அனுப்பிவிட்டுப் பிளாஸ்கைத் திறந்தாள். புளியும் மாங்காயும் எலுமிச்சையும் ஒன்றாக மூக்கில் ஏறின. கஞ்சி வண்டி அடுத்த கட்டிலுக்கு உருண்டு போவதைச் சுப்ஹான் பார்த்தார். முப்பது வருடப் பொறுமை அந்தச் சக்கரத்தோடு சேர்ந்து உருண்டுவிட்டது.

“மீரா, அந்தக் கஞ்சிய நிப்பாட்டு! இத என்னால தின்ன முடியாது. ஒரே புளி. கேரியர நான் ஒரு நாளும் தின்னதில்ல. அத்தனையும் லெட்சுமணன்தான் தின்னான்.”

சொல்லி முடித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வானம் இடிந்து விழவில்லை. நெற்றியில் ஒரு கை வந்து மெல்லப் படிந்தது.

“யா அல்லாஹ்,” என்று மீரா பீவியின் குரல் உடைந்தது. “டாக்டர் சொன்ன மாதிரியே ஆயிருச்சே!”

டாக்டர் தேன்மொழி விரைந்து வந்தாள். எந்த இடம், என்ன கிழமை என்று கேட்டாள். மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னாள். சுப்ஹான் டிசம்பரிலிருந்து ஜனவரிக்கு வழுக்காமல் இறங்கி வந்தார்.

“தெளிவாத்தானே இருக்காரு ஆன்ட்டி?”

“மாசத்த யாரு வேணும்னாலும் சொல்லுவாங்க டாக்டர். கண்ணாலம் கட்டுன நாள்லேர்ந்து என் ஆணத்த ஒரு வார்த்தை குறை சொல்லாத மனுசன். இன்னைக்கு வாயில வைக்க முடியாதுங்குறாரு. இது என் மச்சானே இல்ல!”

வீட்டாரின் பேச்சை டாக்டரால் தள்ள முடியவில்லை. இந்தத் தடுமாற்றம் வரும், போகும், மறுபடி வரும். ஆகவே சுப்ஹானின் கட்டில் மிஸ்ஸிகளின் மேசைக்கு எதிரே நகர்த்தப்பட்டது. இரண்டு பக்கமும் கம்பி ஏற்றினார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் “பாக்சிக், ஓகே?” என்று மலாயில் உரக்க நலம் கேட்டுவிட்டுப் போனார்கள். உண்மையைச் சொன்னால் பைத்தியம், பொய்யைச் சொன்னால் ஆணம். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு நிமிடம் போதும். ஆனால் முதல் முறையாக வாயைத் திறந்துவிட்ட மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“லெட்சுமணன வரச் சொல்லு. அவன்தான் சாட்சி.”

சாயங்காலம் லெட்சுமணன் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தான். டாக்டரும் நின்றிருந்தாள். மீரா பீவி கேட்டாள்: “தம்பி, இவரு கேரியர நீதான் தின்னியாமே?”

லெட்சுமணன் கட்டிலைப் பார்த்தான். மீரா பீவியைப் பார்த்தான். பழப் பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டான்.

“நானா? ஒரு பருக்கை தொட்டதில்லக்கா. பாவம் பாய், எப்படி இருந்த மனுசன்!”

“அடப் பாவி!” என்று சுப்ஹான் கம்பியைப் பிடித்து எழப் போனார். இரண்டு மிஸ்ஸிகள் ஓடி வந்து படுக்க வைத்தார்கள்.

“பாத்தீங்களா டாக்டர்? கோவம் வேற வருது,” என்ற மீரா பீவி, பிளாஸ்க் மூடியில் ஆணத்தை ஊற்றினாள். “நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க. குறை சொல்ற மாதிரியா இருக்கு?”

காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத டாக்டர், மறுக்கத் தெம்பில்லாமல் வாங்கி ஒரு மடக்குக் குடித்தாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. தோள்கள் காதுவரை ஏறின. கையை நீட்டித் தண்ணீர் கேட்டாள். குடித்தாள். இன்னொரு முறையும் குடித்தாள்.

“ஆன்ட்டி,” என்றாள், குரலை மீட்டுக்கொண்டு. “அங்கிளுக்குக் குழப்பம் எதுவும் இல்ல.”

மீரா பீவி மூடியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், கடைசியில் லெட்சுமணனின் வயிற்றைப் பார்த்தாள். பழப் பையால் அதை முழுதாக மறைக்க முடியவில்லை.

“அப்ப நீ?”

“தின்னேங்க்கா,” என்றான் அவன் தரையைப் பார்த்து. “ஆனா சத்தியமா, எனக்கு அது உசுருக்கா. ஒரு நாள் இல்லன்னாலும் கை நடுங்குது. பத்து பாகாட் ஊர்ல ஒரு கம்பெனில சம்பளம் கூடப் போட்டுக் கூப்பிட்டாங்க, நான் போவல.”

மீரா பீவியின் முகத்தில் கோபமும் பெருமையும் மல்லுக்கு நின்றன. பிளாஸ்கை எடுத்து லெட்சுமணன் கையில் திணித்தாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கட்டிலுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சரி மச்சான். உங்களுக்கு என்ன ஆணம்தான் புடிக்கும்? சொல்லுங்க, நாளைக்கே ஆக்குறேன்.”

சுப்ஹான் வாயைத் திறந்தார். இத்தனை வருடங்களில் யாரும் அவரைக் கேட்காத கேள்வி. அவரும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை. பருப்பா, கறியா, முருங்கைக்காயா, என்ன பிடிக்கும்? யோசித்தார். விட்டத்தைப் பார்த்து யோசித்தார். திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. ஒன்றும் வரவில்லை.

வாசல்வரை போயிருந்த டாக்டர் நின்றாள். திரும்பி வேகமாக வந்து அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“அங்கிள்? நான் பேசுறது கேக்குதா?”