கடலை அனுப்பி வைக்கிற வேலை

1

இந்தக் கதை என் தலையில் உதித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் தலையில் உதிப்பது பொடுகு மட்டும்தான். கடலூர் சில்வர் பீச்சில், விளக்கு வைக்கிற நேரத்தில், சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது பார்த்தேன். முழங்காலளவுத் தண்ணீரில் ஒரு பெண். தலையில் ஆம்பிளை போலத் துண்டு கட்டியிருந்தாள். கையை நீட்டி, செல்போனைக் கடலிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கடலுக்கு போன் வந்திருக்கிறது, பேசி முடிக்கட்டும் என்று நானும் மரியாதையாகக் காத்திருந்தேன்.

அலைச் சத்தத்தில் அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுண்டலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். காதில் விழாமல் போன பேச்சுக்காகத்தான் இத்தனை பக்கமும்.

2

எப்படித் தொடங்குவது?

"வங்கக் கடலின் நீல விரிப்பின் மீது—" (அடித்துவிட்டேன். அன்றைக்குக் கடல் கலங்கிய காபி நிறத்தில் இருந்தது.)

"மகேஸ்வரி பிறந்தபோதே அவள் நெற்றியில்—" (ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கொசு கடித்த தடிப்பு இருந்திருக்கலாம்.)

"மகேஸ்வரியின் அண்ணன் பொன்னுரங்கம் தினமும் சாயங்காலம் கடலை அதன் வீட்டுக்கு அனுப்பி வைப்பான்."

இது தேவலை. தண்ணீரில் நின்றவள்தான் மகேஸ்வரி. இதையே பிடித்துக்கொண்டு போவோம். பீச்சை ஒட்டிய மீனவர் தெரு ஒன்று. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் தேடி வந்து, எங்கள் தெருவில் இப்படி ஒரு ஆளே கிடையாது என்று சத்தியம் செய்வார்கள். சத்தியம் செய்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

3

பொன்னுரங்கத்தின் வேலை இதுதான். பொழுது சாய்ந்ததும் கரைக்குப் போய், "நேரமாச்சு, கெளம்பு" என்பான். "போயிட்டு வா" என்று வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டான். நம்மூரில் விருந்தாளியை வெறுமனே "போ" என்பது குற்றம். கடலை "வா" என்பது அதைவிடப் பெரிய குற்றம் என்பது அவன் கணக்கு. ஒருநாள் சொல்லாமல் விட்டால் கடல் அங்கேயே தங்கிவிடும். பிறகு எழுந்து தெருவுக்குள் வரும்.

இந்த இடத்தில் நீங்கள் சிரிக்கலாம். மகேஸ்வரி சிரித்ததில்லை. அவளுக்கு அம்மா முகம் ஞாபகம் வரும்.

ஒரு மார்கழி மாதம், யாரோ ஒரு டாக்டர் கொடுத்த புது மாத்திரையைப் போட்டுக்கொண்டு பொன்னுரங்கம் சாயங்காலமே தூங்கிவிட்டான். கடலுக்கு யாரும் விடை கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் சுனாமி வந்தது. அம்மா பூவம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தவள், கிண்ணத்தோடு போனாள்.

(வாசகர்கள் உடனே, "ஆக, சுனாமியால்தான் அவனுக்கு இப்படி" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். எனக்கும் அது வசதிதான், கதை நேராகப் போகும். ஆனால் மகேஸ்வரி விடமாட்டேன் என்கிறாள். "அதுக்கு முன்னாடியே இருந்துச்சுய்யா. அந்த அலை வந்து, அண்ணன் சொன்னது சரிதான்னு சாட்சி சொல்லிட்டுப் போயிடுச்சு. அவ்ளோதான்.")

4

அதற்குப் பிறகு மாத்திரை என்றாலே அவனுக்கு ஆகாது. மகேஸ்வரி ஒருமுறை அதைப் பொடித்துச் சங்கரா மீன் குழம்பில் கலந்தாள். தட்டைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மீனைப் பூனைக்குப் போட்டான்.*

"நீயுமா பாப்பா?" என்று மட்டும் கேட்டான்.

பிறகு பல நாள் அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. கடைசியில் அம்மா படத்துக்கு முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள்: "இனிமே உன்னாண்ட பொய் சொல்ல மாட்டேண்ணா. என்னா ஆனாலும் சரி." அன்றிலிருந்து மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, "இது மாத்திரை" என்று சொல்லியே கொடுத்தாள். சில நாள் போட்டுக்கொள்வான். பல நாள் மாட்டான். ஆனால் சாப்பிட்டான்.

இந்தச் சத்தியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மறதி ஜாஸ்தி.

* அந்தப் பூனை மறுநாள் மத்தியானம்வரை தூங்கியது. எழுந்த பிறகு எலிகளுக்கு வழி விட்டு நடந்தது. நான் பார்க்கவில்லை, எலிகளில் ஒன்று சொன்னது.

5

போன வருஷத்துக் கோடையில் கடலுக்குக் காது மந்தமாகிவிட்டது. பொன்னுரங்கம் சொல்வது அதற்குக் கேட்கவில்லை. அதனால் கிட்டே போய்ச் சொல்ல ஆரம்பித்தான். முழங்கால். பிறகு இடுப்பு. பிறகு மார்பு.

மகேஸ்வரி பழைய வலைக் கயிறு ஒன்றை அவன் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு கரையில் நிற்பாள். ஐஸ் கம்பெனி பக்கத்து வீட்டுக்காரி ஞானாம்பாள் ஒருநாள் சொன்னாள்: "எத்தினி நாளைக்குடி இழுத்துப் புடிப்ப? எதுனா கோயில்ல கொண்டுபோய்க் கட்டிப் போட்டுட்டு வாயேன்."

"கட்டிப் போடறது வேற, கயித்தப் புடிச்சிகினு நிக்கறது வேற," என்றாள் மகேஸ்வரி. "நான் நிக்கறேன். நீ போய் ஒம்புருசனக் கட்டிப் போடு. அது சாராயக்கடைக்கு ஓடுது."

வாய்தான் அப்படி. கை தோல் உரிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் அலை அவனைப் புரட்டியபோது, கயிற்றோடு அவளும் பாதி தூரம் போய்விட்டாள். அவள் புருஷன் பாண்டியன் இரண்டு பேரையும் சேர்த்து இழுத்துப் போட்டான். சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் சேர்த்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நான் போயிட்டா, இத யார் அனுப்பறது?" என்றான் பொன்னுரங்கம்.

"நான் சொல்றேன் மச்சான்," என்றான் பாண்டியன்.

"நீயா? தெனம் அது வயித்துல கைய வுட்டு மீனத் திருடறவன். நீ சொன்னா அதுக்குக் கோவம்தான் வரும்."

"அப்ப ஒன் தங்கச்சி அதே மீனத்தான விக்கிது?"

"அவ விக்கறது செத்த மீன். அது வேற டிபார்ட்மென்ட்டு."

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. உடம்புக்கு முடியாமல் ஒருவன் படகேற முடியாவிட்டால், தனக்குப் பதில் போகிறவனுக்குத் தன் தலைத்துண்டைக் கொடுப்பான். துண்டு போனால் ஆள் போனமாதிரி. பிடிபடுவதில் பாதிப் பங்கு துண்டுக்காரனுக்கு. பொன்னுரங்கம் தன் துண்டை அவிழ்த்தான். அந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் யாரும் துண்டு கொடுத்ததில்லை. தங்கை தலையில் அவனே கட்டிவிட்டான். பின்னால் தள்ளி நின்று, சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு பஸ் ஏறினான்.

6

(இங்கே ஆஸ்பத்திரி வர்ணனை ஒன்று இருந்தது. ஜன்னல், வேப்பமரம், ஒரு காகம். நான் வார்டுக்குள் போனதே இல்லை என்று காகம் காட்டிக்கொடுத்துவிட்டது. எடுத்துவிட்டேன்.)

தினமும் விளக்கு வைத்ததும் வார்டு சிஸ்டர் தமிழ்ச்செல்வி பொன்னுரங்கத்திடம் தன் போனைக் கொடுப்பாள்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேண்ணா."

இந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகுதான் மாத்திரையை வாயில் போடுவான். மகேஸ்வரி பொய் சொல்லவில்லை. துண்டைக் கட்டிக்கொண்டு போய், வெட்கத்தோடு, "நேரமாச்சு, கெளம்பு" என்று சொல்லிவிட்டுத்தான் வருவாள். நாலைந்து நாளில் வெட்கம் போய்விட்டது. "அங்க நின்னு என்னா பாக்கற? கெளம்புன்றன்ல" என்று அதட்டும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டது.

அப்புறம் அந்த நாள். மார்க்கெட்டிலிருந்து வந்து, சாப்பிட்டு, வலைக்குவியல் மேல் சும்மா சாய்ந்தாள்.

கடல் வந்தது. தெருவைத் தாண்டி, வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. அவள் கையில் கயிறு அறுத்த தழும்பைப் பார்த்தது. அம்மாவின் மீன் கழுவுகிற கிண்ணத்தை இடுப்பிலிருந்து எடுத்து மூலையில் வைத்தது. அவளை எழுப்பாமலே திரும்பிப் போனது.

விழித்தபோது பொழுது இருட்டிக்கொண்டிருந்தது. மூலையில் கிண்ணம் இல்லை. (வைத்திருக்கலாம் என்று எனக்கும் ஆசைதான்.)

"யோவ்! ஏன்யா எழுப்பல?"

"நீ தூங்கி நான் பாத்ததே இல்ல மகேசு," என்றான் பாண்டியன். "எழுப்ப மனசு வர்ல."

துண்டைக் கட்டிக்கொண்டே கரைக்கு ஓடினாள். கடல் தெருவுக்குள் வரவில்லை; எப்போதும்போலத் தள்ளிப்போய்த் தன் இடத்திலேயே இருந்தது. போன் அடித்தது.

7

இங்கேதான் நான் பல நாள் உட்கார்ந்திருந்தேன்.

முதல் முடிவு: "அனுப்பிட்டேண்ணா" என்கிறாள். மாத்திரை உள்ளே போகிறது. எல்லாரும் சுகம். ஆனால் இதுவும் குழம்பில் கலந்த மாத்திரைதான், அம்மா படத்துக்கு முன்னால் செய்த சத்தியம் போய்விடும்.

இரண்டாவது முடிவு: உண்மையைச் சொல்கிறாள். அவன் வார்டை விட்டு ஓடி, கடலூர் பஸ்ஸைப் பிடித்து, கழுத்தளவுத் தண்ணீரில்— (இல்லை. இதை எழுத என் பேனா மறுத்துவிட்டது. பேனா வாடகைப் பேனா. அதை நான் கட்டாயப்படுத்த முடியாது.)

யாரும் அனுப்பாமலே கடல் போய்விட்டது என்ற உண்மையைச் சொன்னால் அவனுடைய வேலை போகும். அம்மாவைக் கொன்றது தன் தூக்கம்தான் என்று இத்தனை வருஷமாகச் சுமந்த பழியும் அதோடு போகலாம். போகாமலும் இருக்கலாம். இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தால் எந்த முனையை அறுப்பது?

"அனுப்பிட்டியா?"

"இல்லண்ணா," என்றாள் மகேஸ்வரி. "தூங்கிட்டேன்."

"தூங்கிட்டியா?"

"ம்."

"அது?"

"போயிடுச்சுண்ணா. அதுவா."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம், "மாத்திரண்ணா" என்கிற தமிழ்ச்செல்வியின் குரல்.

"நீ தூங்குனா மட்டும் போவுது," என்றான் பொன்னுரங்கம் மெதுவாக. "அன்னிக்கு நான் தூங்குனப்ப ஏன் போவல?"

மகேஸ்வரி கடலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"போன அதுகிட்ட குடு பாப்பா. நானே கேக்கறேன்."

8

அவள் முழங்காலளவுத் தண்ணீரில் இறங்கிப் போனை நீட்டியபோதுதான் நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன்.

நெடுநேரம் பேசினான். திட்டினானா, மன்னிப்புக் கேட்டானா, முதல் தடவையாக "போயிட்டு வா" என்றானா, தெரியாது. ஒன்று மட்டும் பார்த்தேன்: அவ்வளவு நேரமும் ஒரு அலைகூட அவள் முழங்காலுக்கு மேலே ஏறவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

பிறகு போனைக் காதில் வைத்தாள். கேட்டாள். தலைத்துண்டில் கை வைத்து முடிச்சை அவிழ்த்தாள். வேலை முடிந்தது என்று அதை மடித்து இடுப்பில் செருகினாளா, நாளைக்கும் வரவேண்டும் என்று உதறி மறுபடி கட்டினாளா? சரியாக அந்த நேரத்தில் சுண்டல்காரன் லூர்துசாமி, "தாத்தா, காசு?" என்று குறுக்கே வந்து நின்றான். அவன் நகர்ந்தபோது அவள் அங்கே இல்லை.

எனக்கும் வயதாகிவிட்டது. இதற்கு மேல் தண்ணீரில் இறங்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அதனால் அந்தத் தெரு வழக்கப்படி, இதோ என் துண்டு. கொஞ்சம் ஈரமாக இருக்கும், கட்டிக்கொள்ளுங்கள். மீதியை நீங்கள் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

பிடிபடுவதில் பாதி எனக்கு.