போகாமல் விட்ட டெஸ்ட்

சுமலதாவுக்கு ஆறாம் மாதம் நடந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை பார்க்க வேண்டும். அவளோ குடித்த கையோடு வாந்தி எடுத்துவிட்டாள்.

"பரவால்லம்மா, நாளைக்கு வந்துடு" என்றாள் நர்ஸ் கிரேஸ்.

போக விடாமல் தடுத்தவன் அவள் கணவன் அன்புசெல்வன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஆலை ஒன்றில் வேலை பார்த்தான். "சுகர்னு ஒரு தபா எழுதிட்டாங்கன்னா வயித்தக் கிழிக்காம உடமாட்டாங்க" என்று ஷிப்டில் ஒருவன் சொன்னது அவன் மனதில் ஒட்டிக்கொண்டது. கிரேஸ் போன் செய்து கேட்டபோது, "பிரைவேட்ல பாத்துட்டோம் சிஸ்டர், நார்மல்தான்" என்றான். சுமலதாவிடம், "நர்சம்மாவே தேவையில்லன்னு சொல்ட்டாங்க" என்றான்.

வயிறு பெருத்தது. பார்த்தவர்கள் எல்லாம் வியந்தார்கள். அவனுக்கும் பெருமைதான்.

பிரசவத்தில் தலை வெளியே வந்ததும் தோள் சிக்கிக்கொண்டது. போராடித்தான் எடுத்தார்கள். நாலே கால் கிலோ, பெண் குழந்தை. கொஞ்ச நேரத்திலேயே குழந்தையின் உடம்பில் சர்க்கரை மளமளவென்று இறங்கியது. தனி வார்டுக்குத் தூக்கிப்போய் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இடது கை அசைந்தது. வலது கை துவண்டு கிடந்தது.

மறுநாள் டாக்டரம்மா கேட்டார்: "மாசமா இருக்கும்போது சுகர் டெஸ்ட் எடுக்கலையா?"

"நர்சம்மா வேணாம்னு சொல்ட்டாங்களாம் மேடம்" என்றாள் சுமலதா.

டாக்டரின் முகம் இறுகியது. "எந்த நர்ஸ்? பேரச் சொல்லுங்க."

சுமலதா வாயைத் திறந்தாள். கட்டிலோரம் நின்ற அன்புசெல்வனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அவங்க மேல தப்பில்ல மேடம். வரச் சொல்லி போன் பண்ணாங்க. நான்தான் பொய் சொன்னேன், ரெண்டு பேருகிட்டயும்."

டாக்டர் கத்தவில்லை. "அம்மாவுக்கு சுகர் இருந்திருக்கு, அதனாலதான் பொறந்ததும் கொழந்தைக்கு எறங்கிடுச்சு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா சாப்பாடு, மருந்துன்னு கட்டுக்குள்ள வெச்சிருக்கலாம். கொழந்த இவ்ளோ பெருசாகாம பாத்திருக்கலாம். தோள இழுத்ததுல கை நரம்பு அடிபட்டிருக்கு, நெறய பேருக்கு அது சரியாயிடும். பயிற்சிய மட்டும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சுமலதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

வீட்டுக்கு வந்தும் அவள் பேசவில்லை. அவன் கிரேஸிடம் போய் மன்னிப்புக் கேட்டான். "எங்கிட்ட இன்னாத்துக்கு? அந்தப் பொண்ணுகிட்ட கேளு" என்றாள் அவள். அதுதான் அவனால் முடியவில்லை.

குழந்தையின் கையை மெல்லத் தூக்கி மடக்கிப் பழக்கும் முறையை ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சுமலதாதான் செய்தாள். அவன் தள்ளி நின்று பார்ப்பான். ஒருநாள் குழந்தையை அவன் மடியில் போட்டாள்.

"புடி."

"வலிச்சிடப் போவுது சுமா..."

"எனக்கு மட்டும் பயமில்லியா? புடி."

தூக்கினான். குழந்தை சிணுங்கியது. சட்டென்று கையை விட்டுவிட்டான்.

"உடாத. செய்யி."

கண்ணீர் வழிய வழியச் செய்தான். மூன்றாம் மாதம் முழங்கை மடங்கத் தொடங்கியது. தோள் இன்னும் முழுதாக உயரவில்லை. சுமலதா இப்போது அவனோடு பேசுகிறாள், குழந்தையைப் பற்றி மட்டும்.