இடது காலுக்கு வேலை போனது

பஸ் டிப்போவில் அந்த டிரைவருக்குப் பெயரே ‘கிளட்ச்’தான். அவன் கியர் மாற்றினால் கடைசி சீட்டில் தூங்கும் குழந்தைகூடப் புரளாது. அப்பேர்ப்பட்டவன் இன்று காலை, புதிதாக வந்த ஆட்டோமேட்டிக் பஸ்ஸைச் சோதனைக்கு எடுத்து, பழக்கதோஷத்தில் இடது காலை ஓங்கி மிதித்தான். அங்கே கிளட்ச் இல்லை. அகலமான பிரேக்தான் இருந்தது. பஸ் அறை வாங்கியதுபோல் நின்றது. இன்ஸ்பெக்டரின் மூக்கு முன் கம்பியில் இடித்தது.

“மத்தியானம் மேட்டு ரோட்ல இன்னொரு தடவை பாக்கறேன். மறுபடி இப்படிப் பண்ணினா ஸ்டியரிங்கை மறந்துடு. பஸ் கழுவப் போ” என்றார் அவர், மூக்கைத் தடவிக்கொண்டே.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். மெக்கானிக் அவன் மனைவிக்கு அண்ணன். மேசையில் அந்தப் புது பஸ்ஸில் உள்ளது மாதிரி கியர்பாக்ஸ் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தான்.

“என்ன மாப்ளே, மூக்கை உடைச்சிட்டியாமே?”

“வாயை மூடு மச்சான். கியர் போடாம ஓடுறதெல்லாம் ஒரு வண்டியா? பொம்மை.”

“பொம்மையா? இங்க வந்து பாரு.”

எண்ணெய் சொட்டும் இரண்டு இரும்பு விசிறிகளை எதிரெதிரே பிடித்தான். “இது எஞ்சின் பக்கம், அது சக்கரத்துப் பக்கம். ரெண்டும் தொட்டுக்காது. நடுவுல எண்ணெய். இது சுத்துற சுத்துல எண்ணெய் அடிச்சு அதையும் சுத்தவைக்கும். நீ பிரேக் பிடிச்சா அது நிக்கும், எண்ணெய் வழுக்கிக்கும். எஞ்சின் அணையாது.”

“அப்ப என் இடது காலு?”

“வீட்டுக்கு அனுப்பிடு.”

அடுத்து ஒரு பல்வளையம். உள்ளே நடுவில் ஒரு சக்கரம், அதைச் சுற்றிக் குட்டிச் சக்கரங்கள். வளையத்தைப் பிடித்துக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருகினால் குட்டிகள் நிதானமாக வலம் வந்தன. மொத்தத்தையும் சேர்த்துப் பிடித்துத் திருகினால் எல்லாம் ஒரே கட்டாகச் சுழன்றது.

“எதைப் பிடிக்கிறமோ அதுக்கேத்த வேகம். பல்லை விலக்கிச் சேர்க்கிற வேலையே இல்ல. எப்ப எதைப் பிடிக்கணும்னு வேகத்தையும் பாரத்தையும் வச்சு வண்டியே முடிவு பண்ணும்.”

அவன் தானே திருகிப் பார்த்தான். ஒரு ‘கடக்’ இல்லை. பல் நறநறக்காமல் கியர் போட முட்டி தேய உழைத்தவன் இன்னொரு தடவை திருகிப் பார்த்தான்.

“எவன் மச்சான் இதை யோசிச்சான்?”

“உன்ன மாதிரி முட்டி வலிச்சவன் எவனாவது இருப்பான்.”

மத்தியானம் பஸ்ஸில் ஏறியதும் இடது ஷூவின் கயிற்றை சீட்டுக் காலோடு சேர்த்துக் கட்டினான்.

“என்னய்யா இது?” என்றார் இன்ஸ்பெக்டர், முன் கம்பியிலிருந்து தள்ளி உட்கார்ந்தபடி.

“வேலை போன சேதி இந்தக் காலுக்கு இன்னும் எட்டல சார்.”

மணல் மூட்டை ஏற்றிய பஸ்ஸை, இன்ஸ்பெக்டர் சொன்னபடி, மேட்டில் பாதியில் நிறுத்தினான். பழைய பஸ்ஸாயிருந்தால் இந்த இடத்தில் கிளட்ச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு போராட வேண்டும். வலது காலை பிரேக்கிலிருந்து எடுத்தான். வண்டி பின்னால் சரியவில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் ஏறியது. எஞ்சின் சத்தம் உயர்ந்துகொண்டே போனது. ‘இப்ப மாத்தணும்’ என்று நினைத்தான், கட்டிய கால் வெடுக்கென்று இழுத்தது, கயிறு விடவில்லை. அதற்குள் வண்டி, அவன் நினைத்த அதே நொடியில், தானே மாற்றியிருந்தது. குலுக்கலே இல்லை.

“நான் போட்டிருந்தாலும் இங்கதான் சார் போட்டிருப்பேன்” என்றான். யாரையும் அவன் இப்படிப் பாராட்டியதில்லை.

இன்ஸ்பெக்டர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “நாளைக்கு முதல் பஸ் உன்னுது. கொஞ்ச நாளைக்கு அந்தக் கயிறு இருக்கட்டும்.”