உப்புக் கரித்த தாள்

பரிமளம் தாளின் ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது. அவள் நினைத்தது சரிதான். மரியநாயகி கடல் தண்ணீரைக் கலந்திருக்கிறாள்.

அது எழுபத்து நாலாம் ஆண்டு. கப்பலில் காகிதம் வருவது நின்று, பள்ளிப் பிள்ளைகள் எழுதக் கொப்பிக்கு அலைந்த காலம். வேலணை மாதர் சங்கம் பரிமளத்தின் வீட்டு வளவில் ஒரு கொட்டில் போட்டு, வைக்கோலிலும் வாழைநாரிலும் தாள் செய்யத் தொடங்கியிருந்தது. பரிமளம்தான் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அரசாங்கக் கச்சேரியிலிருந்து அதிகாரி வருவார். தாள் பிடித்தால் கொட்டில் நிலைக்கும். இல்லையென்றால் இழுத்து மூடிவிடுவார்கள். கணவன் செத்தபின் அவள் யார் கையையும் பாராமல் சாப்பிடுவது இந்த வேலையால்தான்.

முதல் மாதம் தாளுக்கு ஒரு குறையும் இல்லை. நாரை நறுக்கிச் சலவைச் சோடாவில் அவித்து, அலசி, உரலில் இடித்துக் கூழாக்குவது வரை அவளே செய்தாள். வேலை கூடியதும், அலசுவதற்கென்று சாட்டிக் கடற்கரைப் பக்கத்து மீன்பிடி வீட்டுப் பெண் மரியநாயகியைச் சங்கம் சேர்த்துவிட்டது. அன்று பிடித்தது சனி. தாள் காய்ந்தும் பிசுபிசுத்தது. மை ஊறிப் பரந்தது. வெயிலில் வெள்ளை பூத்தது.

போதாக்குறைக்கு, மரியநாயகி வாய் திறவாத ஆள். பரிமளம் எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு வருமுன் அலசல் முடிந்திருக்கும். கள்ளம் இல்லாதவள் ஏன் இருட்டோடு வந்து அவசரப்பட வேண்டும்? பொறுப்பைப் பறிக்க யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள். சந்தேகம் பிடித்தால் பரிமளத்துக்குச் சோறு இறங்காது. ஆனால் சந்தேகத்தைக் கைவிடவும் மனம் வராது.

புதன்கிழமை விடிய வைக்கோற் போருக்குப் பின்னால் நின்று பார்த்தாள். மரியநாயகி குடத்தோடு வளவுக் கிணற்றைத் தாண்டி, வேலிப் படலையால் இறங்கி, மாடு குளிப்பாட்டும் தெருக் கிணற்றுக்குப் போனாள். வாயில் வைக்க ஏலாத உவர்த் தண்ணீர் அது. கொண்டுவந்து அவித்த நாரில் ஊற்றப் போனபோது பரிமளம் பாய்ந்து குடத்தைப் பிடித்தாள்.

"கண்ணுக்கு முன்னால நல்ல தண்ணி கிடக்க, உவரை ஏன் அள்ளுறீர்? ஆர் சொல்லித் தந்தது?"

மரியநாயகி குடத்தை இறக்கி வைத்தாள்.

"நீங்கள்தான் அக்கா. முதல் நாள் நான் வாளியைத் தொட, கயிறைப் பறிச்சனீங்கள். தண்ணி வேணுமெண்டால் கேளும், நான் அள்ளித் தாறன் எண்டனீங்கள். நித்தம் விடிய உங்களை எழுப்ப எனக்கு மனம் வரேல்லை."

பரிமளத்துக்கு அது நினைவிலேயே இருக்கவில்லை. அந்தக் கிணற்றில் எந்தச் சாதி கை வைக்கலாம் என்பது அவள் யோசித்துச் செய்கிற காரியமும் அல்ல. வெட்கமாக இருந்தது. இதை முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபமும் வந்தது.

வெள்ளிக்குள், உவரில் அலசிய மூன்று கூடை நாரையும் மறுபடி அலச வேண்டும். வளவுக் கிணற்றில் தானே அள்ளத் தொடங்கினாள். முப்பதாவது வாளியில் உள்ளங்கை தோலுரிந்தது. அலசும் தொட்டி பாதிகூட நிறையவில்லை.

"கயிறைத் தாங்கோ அக்கா," என்று மரியநாயகி கையை நீட்டினாள்.

பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளைக்கும் அந்தக் கிணற்றில் பங்கு. பரிமளத்தின் கண் அவருடைய வேலிப் பக்கம் போய் வந்தது. அதன் பிறகுதான் கயிற்றைக் கொடுத்தாள்.

மரியநாயகி வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள்.

"ஆரும் இல்லை அக்கா," என்றாள். "நானும் பாத்திட்டுத்தான் கேட்டனான்."