முதல் வாக்கு

இருளப்பசாமியின் நாக்கைப் பற்றித் திருச்சுழிப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. உழைப்பாளி, கை சுத்தம். ஆனால் வாயைத் திறந்தால் எதிரே நிற்பவன் குன்றிப் போவான். ஒருநாள் வரப்புச் சண்டையில், கூடப் பிறந்த தம்பியையே, "எங்கப்பனுக்குப் பெறந்தவனாடா நீ?" என்று ஊர் நடுவில் கேட்டுவிட்டார். தம்பி அன்றைக்கே பஸ் ஏறிக் காரியாபட்டிக்குப் போனான். எட்டு வருடமாக ஒரு கடுதாசி இல்லை.

அந்தச் சொல் அவருக்குள்ளேயே கிடந்து அறுத்தது. 1969-இல் ஆடி பிறந்ததும் நாற்பத்தெட்டு நாள் மௌன விரதம் என்று முடிவெடுத்தார். ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை.

"ஒரு பொல்லாத சொல்லுகூட வராத மனுசனா ஆகணும்" என்றார் மனைவி சந்தனம்மாளிடம்.

"அதெல்லாம் எதுக்கு? காரியாபட்டிக்குப் போயி, தெரியாமச் சொல்லிட்டேன்னு தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. அது போதும்."

அவருக்கு அது ரொம்பச் சின்னக் காரியமாகப் பட்டது. சாமி அளவுக்கு உயர நினைக்கிறவருக்குக் காரியாபட்டி பஸ் எப்படிக் கண்ணில் படும்?

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மௌன விரதம் முடிக்கிறவர் அய்யனார் கோயிலில் வாய் திறந்து பேசும் முதல் பேச்சு சாமி வாக்கு, அது பலிக்கும் என்பார்கள். இரண்டு வருடமாக மழையில்லை. கம்பு காய்ந்து, கிணறுகளில் பாறை தெரிந்தது. அவர் வாயிலிருந்து "மழை வரும்" என்று கேட்க ஊரே நாளை எண்ணிக்கொண்டிருந்தது. அவரைக் கண்டால் ஒதுங்கிப் போனவர்களெல்லாம் கும்பிட்டுப் போனார்கள். அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

முப்பதாம் நாள், பக்கத்துப் புஞ்சைக்காரன் கோட்டைச்சாமி தன் கிணற்றை ஆழப்படுத்த வேட்டுப் போட்டான். பாறையில் ஆறு குழி, ஆறிலும் வெடிமருந்து. வேட்டுக்காரர் செல்லப்பாண்டி திரிகளைப் பற்றவைத்துவிட்டு, "வேட்டு, வேட்டு" என்று கத்திக்கொண்டே ஏறி வந்தார். எல்லோரும் வேலமரத்துக்குப் பின்னால் பதுங்கினார்கள். ஐந்து சத்தங்கள் வந்தன. கடைசிச் சத்தம் பெரிதாக இருந்தது.

"கடைசி ரெண்டும் சேந்து வெடிச்சிருச்சு. ஆறும் முடிஞ்சது" என்று எழுந்தார் செல்லப்பாண்டி.

முடியவில்லை. எதிர் மேட்டில் நின்ற இருளப்பசாமிக்குக் கிணற்றின் மூலையில் ஒரு திரி புகைவது தெரிந்தது. மரத்தடியில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. அந்த நேரம் பார்த்துக் கோட்டைச்சாமியின் மனைவி ராக்கம்மாள் கஞ்சிக் கலயத்தோடு கிணற்றுக் கரையில் வந்துகொண்டிருந்தாள்.

கூப்பிட்டால் கேட்கும் தூரம். அவருடைய குரல் அதைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்கும் கேட்கும். வாயைத் திறந்தார். முப்பது நாள் கண்முன் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

கையைத் தட்டினார். துண்டை வீசிக்கொண்டே ஓடினார். ராக்கம்மாள் பார்த்தாள். விரதக்காரருக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்து, கிணற்று விளிம்பிலேயே நின்று கலயத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"கஞ்சி வேணுமாண்ணே? வாங்க!"

ஆறாவது வேட்டு வெடித்தது.

உயிர் போகவில்லை. பத்து நாள் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, தலையில் கட்டோடு வந்து சேர்ந்தாள். இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டன.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? "அந்த நேரத்துலயும் வாயத் தெறக்கல பாரு, அதுல்ல வைராக்கியம்!" என்றது. கோட்டைச்சாமியே வந்து, "நீங்க ஓடியாந்து தடுக்கத்தான் பாத்தீக மச்சான். அவ விதி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இருளப்பசாமி பேசவில்லை. இப்போது பேசினால், அன்றைக்கே பேசியிருக்கலாம் என்று ஆகிவிடும். மிச்ச நாட்களில் அவர் வாயைக் கட்டியது விரதமில்லை, பயம். சந்தனம்மாள் மட்டும் சோற்றை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

நாற்பத்தெட்டாம் நாள் காலை. கோயிலில் கற்பூரத் தட்டோடு பூசாரி காத்திருந்தார், ஊர் கூடியிருந்தது. குளித்து வந்த இருளப்பசாமி கோயில் வாசலைத் தாண்டி நடந்தார். கூட்டம் புரியாமல் பின்னால் வந்தது. அவர் கோட்டைச்சாமி வீட்டு முற்றத்தில் போய் நின்றார். ராக்கம்மாள் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள்.

ஒரு காலத்தில் ஊரையே நடுங்கவைத்த அந்தத் தொண்டை முழுசாகத் திறந்தது.

"தாயி, போகாத! இன்னும் ஒரு வேட்டு இருக்கு! போகாத!"

 கோட்டைச்சாமிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, அன்றைக்கே கத்தியிருக்கக்கூடிய சொல் அது என்று விளங்கியது. அவன் முகம் கறுத்தது, கை முறுக்கிக்கொண்டது. இருளப்பசாமி அடி வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்தார். அடி விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

ராக்கம்மாளுக்கு அவர் உதடு அசைந்ததுதான் தெரிந்தது. சாமி வாக்கு தன் வீட்டு முற்றத்தில் விழுந்துவிட்ட சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணே பேசிட்டாகளா? மழை வரும்னு சொன்னாகளா?"

கோட்டைச்சாமி இருளப்பசாமியைப் பார்த்தான். பிறகு மனைவியின் பக்கம் திரும்பி, ஆமாம் என்று தலையாட்டினான்.