பச்சிளங்குழந்தை வார்டில் கேட்ட இருமல்

குழந்தைக்கு ஒரு மாதம்கூட நிறையவில்லை. மஞ்சள் காமாலை என்று பச்சிளங்குழந்தை வார்டில் நான்கு நாள் இருந்து தேறி வீட்டுக்குப் போனது, பத்தே நாளில் திரும்பி வந்தது. இருமி இருமி முகம் நீலம் பாரித்தது. கக்குவான் இருமல் என்றார் டாக்டர். ஆறாம் நாள் கண்ணை மூடிவிட்டது.

வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை. அப்படியானால் ஆஸ்பத்திரியிலேயே தொற்றியிருக்க வேண்டும். யாரிடமிருந்து தொற்றியது என்று தேடிப் பிடிப்பதும், ஊழியர்களுக்குத் தடுப்பூசித் திட்டம் வகுப்பதும் தலைமை நர்ஸின் பொறுப்பாயின. அவளை எல்லோரும் பெரியக்கா என்பார்கள்.

அந்த நான்கு நாளும் வார்டில் வேலை பார்த்தவர்கள் பதினொரு பேர். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "இருமல் இருந்துச்சா?" என்று கேட்டாள். பத்துப் பேரும் இல்லை என்றார்கள். பதினொன்றாவது ஆள் அவளேதான். மூன்று வாரமாக வறட்டு இருமல்; தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தாள். தன் இரத்தத்தையும் பரிசோதனைக்குக் கொடுத்தாள்; கக்குவான் தொற்று என்று வந்த முடிவை ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"உங்ககிட்டேர்ந்துதான் போச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது," என்றார் கண்காணிப்பாளர். "திட்டத்த மட்டும் எழுதுங்க. சும்மா கிடக்கிற சங்க ஊதிக் கெடுக்காதீங்க."

எழுதினாள். மறுநாள் ஊழியர் கூட்டத்தில் வாசித்தாள்.

"சின்ன வயசுலயே போட்டாச்சே பெரியக்கா, மறுபடியுமா?" என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர். "ஊசியப் பாத்தாலே எனக்குப் பாதி உசுரு போயிடும்." சிரிப்பு எழுந்தது.

"சின்ன வயசுல போட்டது நாளாவட்டத்துல வேகம் கொறைஞ்சிடும்," என்றாள். "நானும் உங்கள மாதிரிதான் இருந்தேன். அந்தக் குழந்தைய நாலு நாளும் தூக்கினது நான். எனக்குத்தான் அந்த இருமல் இருந்திருக்கு."

சிரிப்பு அப்படியே நின்றது. கூட்டிப் பெருக்கும் அம்மாள் வாசற்படியிலிருந்து கேட்டாள்: "லிஸ்ட்டுல டாக்டர், நர்ஸ், டிரைவர்னுதான் படிச்சீங்க. நாங்களும் அதே வார்டுலதானே மூச்சு விடறோம்?"

பெரியக்கா பேனாவை எடுத்து, துப்புரவு, சமையல், காவல் என எல்லோரையும் சேர்த்தாள்.

அன்று மாலை குழந்தையின் வீட்டுக்குப் போனாள். அவள் சொன்னதையெல்லாம் தாய் கதவைப் பாதி திறந்தபடியே கேட்டுக்கொண்டாள்.

"எம்புள்ளயத் தூக்கினப்போ இருமினீங்களா?"

"ஆமாம்மா. மொகத்தத் திருப்பிக்கிட்டுதான் இருமினேன்."

"போங்க," என்றாள் தாய். கதவு சாத்திக்கொண்டது.

ஊசி போடும் வேலை ஒரு மாதம் நடந்தது. முந்நூற்று நாற்பது ஊழியர்களில் ஒன்பது பேர் கடைசிவரை மசியவில்லை. குழந்தைகள் வார்டுப் பக்கம் அவர்கள் வரக்கூடாது என்று திட்டத்திலேயே எழுதிவிட்டாள். கண்காணிப்பாளரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார்.

ஒன்றரை வருடம் கழித்து அந்தத் தாய் ஏழு மாத வயிற்றோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கர்ப்பிணிகளுக்கும் அதே ஊசி உண்டு. பெரியக்காவைக் கண்டதும் நடை தயங்கியது.

"உள்ள எல்லாருக்கும் போட்டாச்சா?"

"ஒம்பது பேர் போட்டுக்கலம்மா. அவங்கள வார்டுக்குள்ள விடறதில்ல."

"நீங்க?"

"மொதல்ல எனக்குத்தான் போட்டாங்க."

தாய் நாற்காலியில் உட்கார்ந்து, ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். ஊசி இறங்கும் வரை ஜன்னல் பக்கமே பார்த்திருந்தாள்.